அன்பு செலுத்தாத குற்றம்

1885 டிசம்பரில் பம்பாயில் இந்திய தேசிய காங்கிரசின் முதல் மாநாடு கூடியது. அதன் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் சென்னையிலிருந்து போயிருந்த பத்திரிகையாளர் ஜி. சுப்பிரமணிய ஐயர். இந்திய நிர்வாகம் எப்படி நடக்கிறது என்று விசாரிக்க ஒரு கமிஷன் அமைக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. இன்று படித்தால் மனு எழுதுபவரின் பணிவுதான் தெரியும். அரசை அகற்ற வேண்டும் என்ற எண்ணமே அந்த அவையில் இல்லை. அரசு தன் வாக்கைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவே.

அதே சுப்பிரமணிய ஐயரை 1908இல் குற்றாலத்தில் வைத்துக் கைது செய்தார்கள். நோய்க்கு இதமாக இருக்கும் என்று அருவிக்கரைக்குப் போயிருந்தவர் மீது ராஜத்துரோக வழக்கு. அவருடைய ‘சுதேசமித்திரன்’ பத்திரிகையின் தலையங்கங்களே சாட்சி. உடல் தாங்காத நிலையில், உறுதிமொழி எழுதிக்கொடுத்த பிறகு வெளியே வந்தார்.

இந்த இரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட 23 ஆண்டுகளில் மாறியது ஐயரின் தொனி மட்டுமல்ல. அவர் தம் மக்களையும் விடவில்லை. 1889இல் விதவையான தம் மகளுக்குப் பம்பாயில் மறுமணம் செய்துவைத்தார். சொந்தக்காரர்களும் நண்பர்களும் அவரை விலக்கி வைத்தார்கள். வெள்ளைக்கார அரசின் மீது எழுதியதற்காகச் சிறை, சொந்தச் சாதியின் மீது கை வைத்ததற்காக ஒதுக்கல். நாட்டுப்பற்று பற்றிய பேச்சில் முதல் தண்டனையைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். இரண்டாவது அதைவிடக் கடினமாக இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது. சிறைக்குப் போனவருக்கு மாலை போட ஊர் திரளும்; பந்தியில் இடம் மறுக்கப்பட்டவருக்கு யார் மாலை போடுவார்கள்?

ஐயரைப் பிடித்த சட்டத்தின் கதை தனி. மெக்காலே 1837இல் எழுதிய தண்டனைச் சட்ட வரைவில் ராஜத்துரோகத்துக்கு ஒரு பிரிவு இருந்தது. 1860இல் சட்டம் நிறைவேறியபோது அது எப்படியோ விட்டுப்போயிற்று. பத்தாண்டு கழித்து, 1870இல், ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் அதை 124ஏ என்ற எண்ணில் நுழைத்தார். இருபது ஆண்டுக்கு மேல் அது தூங்கியது. 1891இல் கல்கத்தாவின் ‘பங்கபாசி’ பத்திரிகை மீது முதல் வழக்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால் அந்தப் பத்திரிகை புரட்சி பேசவில்லை. சிறுமிகளுக்கான உடலுறவு ஒப்புதல் வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய சட்டத்தை, மதத்தில் தலையிடுகிறார்கள் என்று அது திட்டியது. ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. பத்திரிகைக்காரர்கள் வருத்தம் தெரிவித்ததும் வழக்கு கைவிடப்பட்டது. சிறுமிகளை மணம்செய்து வைப்பதை ஆதரித்த பழமைவாதியையும், விதவை மகளுக்கு மறுமணம் செய்துவைத்த சீர்திருத்தவாதியையும் அந்தப் பிரிவு ஒரே கூண்டில்தான் நிறுத்தியது. அதற்கு வேறுபாடு தெரியாது. அரசு கோபப்பட்டதா இல்லையா என்பது மட்டும் தெரியும்.

1897இல் பம்பாயில் திலகர் வழக்கு. நீதிபதி ஸ்ட்ரேச்சி ஜூரிகளுக்கு விளக்கம் சொன்னபோது, அரசின் மீது அன்பில்லாமல் இருப்பதே இந்தக் குற்றம் என்ற அளவுக்குப் போனார். கலகம் நடந்ததா, யாராவது கல்லெறிந்தார்களா என்பதெல்லாம் தேவையில்லை. படிப்பவர் மனத்தில் அரசின் மேல் வெறுப்பை எழுப்பினாலே போதும். வரி கட்டு என்று அரசு கேட்கலாம், கீழ்ப்படி என்று கேட்கலாம். என்னிடம் பிரியமாக இரு என்று ஒரு குற்றவியல் சட்டம் கேட்டது இந்தியாவுக்குக் கிடைத்த அதிசயம். 1898இல் சட்டத்தைத் திருத்தி அந்தக் கேட்டலை இன்னும் விரித்தார்கள். திலகருக்கு 18 மாதம் கிடைத்தது.

இதன் முழு வெயிலும் தெற்கே அடித்தது 1908இல்தான். வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசி நாவிகச் சங்கத்தைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு கப்பல்களை ஓட்டினார். பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியின் வருமானத்தில் கை வைத்தார். 1908 பிப்ரவரி, மார்ச்சில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள். மார்ச் 12ஆம் தேதி கைது. மறுநாள் திருநெல்வேலி பற்றியெரிந்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். ஜூலை 7ஆம் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். வ.உ.சி.க்கு ராஜத்துரோகப் பேச்சுக்காக ஆயுள் நாடுகடத்தல். சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக இன்னொரு ஆயுள் நாடுகடத்தல். சிவாவுக்குப் பத்தாண்டு. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் வ.உ.சி.யின் தண்டனையை ஆறாண்டாகக் குறைத்தது. இத்தனைக்கும் குற்றம் என்னவோ பேச்சுதான். ஆனால் பேச்சை மட்டும் வைத்து இரண்டு ஆயுள் தண்டனை தரும் நீதிபதியின் மனத்தில் அந்த இரண்டு கப்பல்களும் நிற்கவில்லை என்று நம்புவது கடினம்.

வ.உ.சி. 1912 இறுதியில் விடுதலையானபோது கம்பெனி இல்லை, வழக்கறிஞர் சன்னதும் இல்லை. பின்னாளில் அந்த சன்னது திரும்பக் கிடைக்க உதவியவர் இ.எச். வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. திருநெல்வேலியில் முன்பு மாஜிஸ்திரேட்டாக இருந்தவர். நன்றியாக வ.உ.சி. தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். ஆட்சியை வெறுத்தவர் ஆங்கிலேயரையெல்லாம் வெறுக்கவில்லை. ஸ்ட்ரேச்சியின் விளக்கத்துக்குள் அடங்காத மனிதர்.

அதே 1908இல் சென்னையில் ‘இந்தியா’ வாரப் பத்திரிகை மீதும் வழக்கு. தமிழில் அரசியல் கேலிச்சித்திரத்தைப் பழக்கப்படுத்திய பத்திரிகை அது. வெள்ளைக்காரரைப் போலவே, மனுப் போட்டே காலம் தள்ளும் மிதவாதக் காங்கிரஸ்காரரையும் அது வாரியது. எழுத்தின் உயிர் பாரதி. ஆனால் பதிவேட்டில் ஆசிரியராக இருந்தவர் சீனிவாசன். பாரதி புதுச்சேரிக்குப் போய்விட்டார். சீனிவாசனுக்கு ஐந்தாண்டு சிறை. பாரதி புதுச்சேரியில் பத்தாண்டு கழித்ததைப் பற்றி எத்தனையோ நூல்கள் வந்துவிட்டன. இன்னொருவர் எழுத்துக்காக உள்ளே போன சீனிவாசனைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை.

1922 மார்ச் 18ஆம் தேதி அகமதாபாதில் காந்தி அதே பிரிவின் கீழ் நின்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிரியம் என்பது சட்டம் போட்டு வரவழைக்கிற பொருளல்ல என்று நீதிபதி புரூம்ஃபீல்டுக்கு நிதானமாக விளக்கினார். ஆறாண்டு கிடைத்தது. இந்த வழக்கு எல்லாப் பள்ளிப் புத்தகங்களிலும் இருப்பதால் இதற்கு மேல் வேண்டாம்.

பள்ளிப் புத்தகத்தில் அதிகம் இல்லாதது 1933. ‘குடி அரசு’ இதழில் ‘இன்றைய ஆட்சி ஏன் ஒழிய வேண்டும்?’ என்ற தலையங்கத்தை எழுதியதற்காகப் பெரியார் மீதும், இதழை வெளியிட்ட அவர் தங்கை கண்ணம்மாள் மீதும் 124ஏ வழக்கு. இருவரும் சிறை சென்றார்கள். இது மற்ற வழக்குகளைப் போன்றதல்ல. திலகரும் வ.உ.சி.யும் காந்தியும் கூண்டில் நின்று, நாங்கள்தான் இந்த நாட்டை நேசிப்பவர்கள் என்று சொல்ல முடிந்தது. பெரியார் அந்த வாதத்தையே தொட விரும்பவில்லை. தேசபக்தி என்பதைப் பிழைப்புக்கான முகமூடி என்று வெளிப்படையாக ஏளனம் செய்தவர் அவர். நாட்டைவிட மனிதனின் மானம் பெரிது என்றவர். விமர்சிப்பவரும் தேசபக்தர்தான் என்று வாதாடி விடுதலை வாங்கித்தர நினைப்பவர்களுக்கு இவர் சங்கடமான கட்சிக்காரர். அந்தப் பாதுகாப்பு எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவார். அப்படிச் சொல்பவருக்கும் பேச்சுரிமை உண்டா என்பதில்தான் விஷயத்தின் கனம் இருக்கிறது. நாட்டுப்பற்றை நிரூபித்த பிறகுதான் குறை சொல்லலாம் என்றால், ஸ்ட்ரேச்சி கேட்ட அதே பிரியத்தை வேறு வாசல் வழியாகக் கேட்கிறோம்.

1937 ஜூலையில் காட்சி மாறியது. சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் அரசு பதவியேற்றது, பிரதமர் ராஜாஜி. 1921இலும் 1930இலும் சிறை சென்றவர், வேதாரண்யத்தில் உப்பு அள்ளியவர். பதவிக்கு வந்த சில மாதங்களுக்குள் காங்கிரஸ் சோஷலிஸ்டுத் தலைவர் பட்லிவாலா மீது ராஜத்துரோகப் பேச்சுக்கான வழக்கு நடந்து ஆறு மாதத் தண்டனையும் விழுந்தது. யூசுஃப் மெஹரலி மீதும் வழக்குப் போட்டுப் பிறகு விட்டார்கள். காங்கிரசுக்குள்ளேயே பெரும் சத்தம் எழுந்தது. காந்தியைச் சிறையில் தள்ளிய பிரிவைக் காந்தியின் சம்பந்தி ஆட்சியே கையிலெடுத்துவிட்டதே என்று. அடுத்த ஆண்டு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதை எதிர்த்து மறியல் செய்தவர்களைக் குற்றவியல் சட்டத் திருத்தத்தின் கீழ் நூற்றுக்கணக்கில் உள்ளே அனுப்பினார்கள். சத்தியாக்கிரகிகளை அடைக்க வெள்ளையர் பயன்படுத்திய ஆயுதம் அது. அடக்குமுறைச் சட்டம் என்று காங்கிரசே மேடைதோறும் கண்டித்தது. அவர்களில் நடராசனும் தாளமுத்துவும் 1939இல் சிறைவாசத்தின்போது நோயுற்று இறந்தார்கள்.

ராஜாஜியை இங்கே வில்லனாக்கிவிடுவது சுலபம். ஆனால் ஐந்தாண்டு கழித்து அவரே எதிர்ப் பக்கம் நின்றார். 1942இல் முஸ்லிம் லீக்கோடு பேசி உடன்பாட்டுக்கு வர வேண்டும், பிரிவினைக் கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்கலாம் என்றார். அலகாபாத் காங்கிரஸ் குழுவில் அவர் தீர்மானம் 15க்கு 120 என்று தோற்றது. வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை எதிர்த்துக் காங்கிரசிலிருந்தும் விலகினார். பம்பாய்க் கூட்டமொன்றில் அவர்மீது தார் வீசினார்கள். துரோகி என்ற பட்டம் வந்து ஒட்டிக்கொண்டது. இந்தமுறை வழக்குப் போட அரசு தேவைப்படவில்லை. கூட்டமே நீதிபதியாக இருந்தது. 1948இல் அதே மனிதர் இந்தியாவின் கவர்னர் ஜெனரல்.

1947 ஆகஸ்டில் இன்னொரு பிளவு. ஆகஸ்ட் 15 திராவிடருக்குத் துக்க நாள் என்று பெரியார் அறிவித்தார். அண்ணா ஒப்பவில்லை. அந்நிய ஆட்சி ஒழிவது மகிழ்ச்சிக்குரியதுதான், கொண்டாட வேண்டும் என்று ‘திராவிட நாடு’ இதழில் வெளிப்படையாக எழுதினார். தலைவரையே மறுத்து எழுதிய அந்தக் கட்டுரையைத் தி.மு.க.வின் பிறப்புக்கான முதல் அறிகுறிகளில் ஒன்றாகச் சொல்வார்கள்.

அரசியல் சாசன வரைவில் பேச்சுரிமைக்கு விதிக்கக்கூடிய தடைகளில் ராஜத்துரோகமும் ஒன்றாக இருந்தது. 1948 டிசம்பரில் கே.எம். முன்ஷி அதை நீக்கச் சொன்னார், நீக்கினார்கள். ஜனநாயகத்தில் அரசை விமர்சிப்பதும் நாட்டைக் கவிழ்ப்பதும் ஒன்றல்ல என்பது அவர் வாதம். ஆனால் தண்டனைச் சட்டத்திலிருந்த 124ஏவை யாரும் தொடவில்லை. வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை.

குடியரசு பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1950 பிப்ரவரி 11ஆம் தேதி சேலம் சிறையில் கம்யூனிஸ்டுக் கைதிகள் மீது போலீசார் சுட்டதில் 22 பேர் இறந்தார்கள். மாகாணத்தில் கம்யூனிஸ்டுக் கட்சி தடையில் இருந்த காலம். பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ்ரோட்ஸ்’ என்ற இடதுசாரி ஆங்கில வார இதழ் மத்திய, மாநில அரசுகளைக் கடுமையாகத் தாக்கி எழுதிவந்தது. மார்ச் 1ஆம் தேதி சென்னை அரசு அந்த இதழ் மாநிலத்துக்குள் நுழையக் கூடாது என்று தடை போட்டது. தாப்பர் நேரே உச்ச நீதிமன்றம் போனார். அவருக்காக வாதாடியவர் சி.ஆர். பட்டாபிராமன், திருவாங்கூர் திவானாக இருந்த சர் சி.பி. ராமசாமி ஐயரின் மகன். மே 26ஆம் தேதி தீர்ப்பு. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய பதஞ்சலி சாஸ்திரியும் சென்னைக்காரரே. பொது ஒழுங்கு என்ற பெரிய குடையின் கீழ் எதை வேண்டுமானாலும் தடை செய்ய முடியாது, அரசின் பாதுகாப்பையே தகர்க்கும் பேச்சாக இருந்தால்தான் முடியும் என்றார். சாசன வரைவிலிருந்து ராஜத்துரோகம் நீக்கப்பட்டதையும் சுட்டிக்காட்டினார். தடை ரத்தானது. அதே நாளில் டெல்லியில் ‘ஆர்கனைசர்’ என்ற வலதுசாரி இதழுக்கு விதித்த முன்தணிக்கையும் ரத்தானது. இடமும் வலமும் சேர்ந்து ஜெயித்த அபூர்வ நாள்.

வெற்றி ஓராண்டுதான் நீடித்தது. 1951இல் முதல் சாசனத் திருத்தம் வந்து பொது ஒழுங்கையும் தடைக்கான காரணமாகச் சேர்த்தது. 124ஏ அருவருப்பானது, அதை விட்டொழிப்பதே நல்லது என்று நேரு நாடாளுமன்றத்தில் சொன்னதும் அந்த விவாதத்தில்தான். ஒழிக்கவில்லை. அதே ஆண்டு உள்துறை அமைச்சராக இருந்த ராஜாஜி, ஆட்சேபகரமான எழுத்தைத் தண்டிக்கும் பத்திரிகைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். பிறகு 1959இல் சுதந்திராக் கட்சி தொடங்கி, நேரு அரசை நாட்டிலேயே கூர்மையாக விமர்சித்தவரும் அவரே.

பஞ்சாப், அலகாபாத் உயர் நீதிமன்றங்கள் 124ஏ செல்லாது என்றன. 1962 ஜனவரியில் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உயிரோடு விட்டு, நகத்தை மட்டும் வெட்டியது. வன்முறையைத் தூண்டினாலோ பொது அமைதியைக் குலைக்கும் நோக்கம் இருந்தாலோதான் குற்றம்; வசைபாடுவது மட்டும் குற்றமல்ல. பீகாரில் காங்கிரஸ்காரரைக் குண்டர்கள் என்றும் உளவுப் போலீசை நாய்கள் என்றும் பேசியவரின் வழக்கு அது.

அந்த ஆண்டு மே 1ஆம் தேதி மாநிலங்களவையில் அண்ணாவின் கன்னிப் பேச்சு. திராவிட நாடு வேண்டும் என்று நாடாளுமன்றத்துக்குள்ளேயே எழுந்து நின்று, அமைதியாக, அழகான ஆங்கிலத்தில் கேட்டார். அவை கொதித்தது, ஆனால் கேட்டது. அக்டோபரில் சீனப் படைகள் எல்லை தாண்டின. விலைவாசிப் போராட்டத்துக்காக வேலூர்ச் சிறையில் இருந்து வெளியே வந்த அண்ணா, பிரிவினைப் பிரசாரத்தை நிறுத்தி, போர் முயற்சிக்குத் துணை நிற்போம் என்று அறிவித்தார். கட்சி யுத்த நிதி திரட்டியது. அப்படியும் 1963இல் பதினாறாவது சாசனத் திருத்தம் வந்தது. இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக வேட்பாளர் உறுதிமொழி எடுக்க வேண்டும். அவற்றின் பெயரால் பேச்சுக்கும் தடை விதிக்கலாம். குறி தி.மு.க. மீது என்பது ஊரறிந்த ரகசியம். இதற்குப் பரிந்துரை செய்த குழுவின் தலைவர் சர் சி.பி. ராமசாமி ஐயர். 1947 ஜூனில் திருவாங்கூர் தனி நாடாகும் என்று அறிவித்த அதே சி.பி. வரலாற்றுக்குச் சில நேரம் நகைச்சுவை உணர்வு அதிகம். தி.மு.க. பிரிவினையைக் கைவிட்டது, உறுதிமொழி எடுத்தது, 1967இல் ஆட்சிக்கு வந்தது. பிரிவினை கேட்ட கட்சி அதைப் பேசிப் பேசியே கடந்து வந்துவிட்டது. பேசவிட்டதால் நாடு உடையவில்லை.

அதன் பிறகு 124ஏ தமிழ்நாட்டில் பெரிய அளவில் வெளியே வந்தது கூடங்குளத்தில். 2011, 2012ஆம் ஆண்டுகளில் இடிந்தகரையில் அணு உலைக்கு எதிராக உட்கார்ந்த ஆயிரக்கணக்கானோர் மீது ராஜத்துரோகப் பிரிவில் வழக்குப் பதிவானது. கடலை நம்பி வாழும் மீனவப் பெண்கள் பெரும்பகுதி. நூறாண்டுக்கு முன் இதே கடற்கரைக்கு வடக்கே கப்பல் விட்டவருக்குப் போட்ட பிரிவு. 2013 மே மாதத் தீர்ப்பில் உலைக்கு அனுமதி தந்த உச்ச நீதிமன்றம், மக்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயலுமாறும் சொன்னது. 2015இல் மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பாட்டுப் பாடிய கோவனைத் திருச்சியில் நள்ளிரவில் கைது செய்ததும் 124ஏவில்தான். டாஸ்மாக்கை வெறுப்பது நாட்டை வெறுப்பதாகிவிட்ட விசித்திரத்தைக் கேட்டு ஊர் சிரித்தது. பாட்டு முன்பைவிடப் பரவியது.

2021இல் 124ஏவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் எஸ்.ஜி. வொம்பட்கரேயும் ஒருவர். நாட்டுக்காக வாழ்வைக் கொடுத்த ராணுவ அதிகாரியின் மனுவை உள்நோக்கம் கொண்டது என்று சொல்ல முடியாது என்ற பொருளில் தலைமை நீதிபதி என்.வி. ரமணா குறிப்பிட்டார். பாராட்டுத்தான், ஆனால் இடிந்தகரைப் பெண் ஒருத்தி அதே மனுவைப் போட்டிருந்தால் அவளுக்கு யார் அப்படிச் சான்று கொடுத்திருப்பார்கள் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. 2022 மே 11ஆம் தேதி நீதிமன்றம் அந்தப் பிரிவை நிறுத்திவைத்தது.

2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டமே இல்லை. அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 152ஆம் பிரிவு இருக்கிறது. ராஜத்துரோகம் என்ற சொல் அதில் கிடையாது. அரசின் மீது பிரியமில்லாததும் குற்றமில்லை. 1963இல் அண்ணாவை மனத்தில் வைத்துச் சாசனத்தில் சேர்த்த இறையாண்மையும் ஒருமைப்பாடும் அங்கே போய் உட்கார்ந்திருக்கின்றன. ஆயுள் தண்டனை அப்படியே நிற்கிறது. அது இல்லையென்றால் விதிக்கக்கூடிய சிறைவாசம் மட்டும் மூன்றாண்டிலிருந்து ஏழாண்டாக உயர்ந்திருக்கிறது. மேஜர் ஜெனரல் இதையும் எதிர்த்து மீண்டும் நீதிமன்றம் போயிருக்கிறார்.